கையொப்பம் போட்ட ஏபிஐ ரிக்வெஸ்ட்டை யாரும் திருத்தாமல், திரும்ப அனுப்பாமல் காப்பது எப்படி?

உங்கள் சர்வருக்கு வெளியிலிருந்து ஒரு ரிக்வெஸ்ட் வருகிறது: இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு 3400 ரூபாய் மாற்று. சர்வர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதை அனுப்பியது நமக்குத் தெரிந்த ஆள்தானா, வழியில் யாரும் கை வைக்கவில்லையா என்பது ஒன்று. இதே ரிக்வெஸ்ட் ஏற்கெனவே ஒருமுறை வந்து வேலை முடிந்துவிட்டதா என்பது இன்னொன்று. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும் கோட் எழுதிவிட்டு, அதுதான் சிக்னேச்சர் (ரகசியச் சாவியை வைத்துக் கணக்கிட்டு ரிக்வெஸ்ட்டோடு அனுப்பும் கையொப்பம்) பார்க்கிறோமே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். சிக்னேச்சருக்குக் காலக்கணக்கு கிடையாது. நேற்று சரியாக இருந்தது இன்றைக்கும் சரியாகவே இருக்கும். அதே பைட்டுகளைப் பிடித்து வைத்து நூறு முறை அனுப்பினால் நூறு முறையும் சரி என்றுதான் சொல்லும். தியேட்டர் வாசலில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தால் மட்டும் போதாது, கிழிக்கவும் வேண்டும். அந்தக் கிழிக்கிற வேலைதான் இங்கே விட்டுப்போவது.

எச்டிடிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். எச்டிடிபிஎஸ் கட்டாயம் வேண்டும், அதற்குப் பதிலாக இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அதன் காவல் பெரும்பாலும் உங்கள் சர்வருக்கு முன்னால் நிற்கிற லோட் பேலன்சரிலோ சிடிஎன்னிலோ முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் உள்ளே ரிக்வெஸ்ட் பலர் கண்ணில் படுகிறது, லாகில் விழுகிறது, பிழைகளைச் சேகரிக்கிற சேவைக்கு ஒரு பிரதி போகிறது. சாதாரண ஏபிஐ கீயை ஹெடரில் வைத்து அனுப்புகிற முறையில், அந்த லாகைப் பார்த்த எவரும் அந்த கீயை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம். சிக்னேச்சர் முறையில் ரகசியச் சாவி நெட்வொர்க்கில் போவதே இல்லை. கசிந்தால் கசிவது அந்த ஒரு ரிக்வெஸ்ட்தான், அதையும் திரும்ப அனுப்ப முடியாதபடி செய்துவிட்டால் கசிந்தது வெறும் குப்பை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: சாவியும் எச்மேக்கும்

ஒவ்வொரு க்ளையன்டுக்கும் தனிச் சாவி. 32 பைட், இயங்குதளத்தின் ரேண்டம் வசதியிலிருந்து எடுத்தது, யோசித்து எழுதிய பாஸ்வேர்டு அல்ல. சாவியோடு ரகசியமில்லாத ஒரு கீ ஐடியும் கொடுங்கள். எந்தச் சாவியை எடுத்துச் சரிபார்ப்பது என்று சர்வருக்கு அதுதான் சொல்லும். டெஸ்டுக்கும் லைவுக்கும் ஒரே சாவி கூடவே கூடாது, கொடுத்தால் டெஸ்டில் பிடித்த ரிக்வெஸ்ட் லைவிலும் செல்லும். மொபைல் ஆப்புக்குள்ளோ பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளோ சாவியை வைக்காதீர்கள். ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்) கோப்பைப் பிரித்துப் பார்க்க அரைமணி நேரம் போதும், அதற்கப்புறம் உங்கள் ரகசியம் ஊருக்கே பொது. இந்தக் கட்டுரை முழுக்க ஒரு சர்வர் இன்னொரு சர்வரோடு பேசும் நிலைமைக்குத்தான்.

சிக்னேச்சர் என்று இங்கே சொல்வது எச்மேக்: செய்தியோடு ரகசியச் சாவியையும் கலந்து ஹேஷ் (எவ்வளவு நீளச் செய்திக்கும் ஒரே நீளத்தில் கிடைக்கும் கைரேகை மாதிரியான மதிப்பு) எடுக்கும் முறை. 1997-ல் ஆர்எஃப்சி 2104 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது. ஷா-256 என்ற ஹேஷ் முறையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் 32 பைட் விடை கிடைக்கும், ஹெக்ஸில் எழுதினால் 64 எழுத்து. எந்த மொழியிலும் ஒரே வரிதான். அந்த ஒரு வரியையும் மிச்சம் பிடிக்கப் பார்த்து, சாவியையும் செய்தியையும் ஒட்டி நேரடியாக ஹேஷ் எடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2009-ல் தாய் டுவாங், ஜூலியானோ ரிஸ்ஸோ இருவரும் ஃபிளிக்கர் ஏபிஐயில் கண்டுபிடித்த ஓட்டை இதுதான். அங்கே ரகசியத்தின் பின்னால் பாராமீட்டர்களை ஒட்டி எம்டி5 (ஒரு பழைய ஹேஷ் முறை) எடுத்தார்கள். அந்த வகை ஹேஷில் விடை கையில் இருந்தால், ரகசியம் தெரியாமலேயே செய்தியின் வாலில் இன்னும் கொஞ்சம் சேர்த்து, சேர்த்ததற்கும் சரியான ஹேஷை எடுத்துவிடலாம். எம்டி5 பழசு, ஷா-256 போட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், ஷா-256-க்கும் இதே குணம் உண்டு. எச்மேக்கில் ஹேஷ் இரண்டு சுற்று ஓடுவதால் அங்கே இந்த வித்தை செல்லாது.

இரண்டாம் படி: எதற்குக் கையொப்பம்?

பாடிக்கு (ரிக்வெஸ்ட்டின் உள்ளடக்கத்துக்கு) மட்டும் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. பாடியைத் தொடாமல் முகவரியை மாற்றலாம், மெத்தடை (கெட், போஸ்ட், டெலீட் என்ற செயல் வகையை) மாற்றலாம். பாடியே இல்லாத ஒரு கெட் ரிக்வெஸ்ட்டை டெலீட்டாக மாற்றினால் உங்கள் சிக்னேச்சர் கண்டுகொள்ளாது. அதனால் முடிவைப் பாதிக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரு சின்ன உரையாக அடுக்கி, அந்த உரைக்கு எச்மேக் எடுக்கிறோம். இப்படி:

போஸ்ட்
/வி1/பணமாற்றம்
(குவெரி ஸ்ட்ரிங், அதாவது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவது, இல்லாவிட்டால் காலி வரி)
1767225600
(நான்ஸ்)
(பாடியின் ஷா-256)

நான்காவது வரி டைம்ஸ்டாம்ப், ஐந்தாவது ஒருமுறை மட்டுமே பயன்படும் ஒரு ரேண்டம் எண். இரண்டையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரே சாவியைப் பல சேவைகள் ஏற்கும் என்றால் ஹோஸ்ட் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடி இல்லாத ரிக்வெஸ்ட்டில் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், காலிப் பாடிக்கும் ஷா-256 உண்டு, அதையே போடுங்கள். விதிவிலக்கு வைத்தால் அதை ஒரு பக்கம் மறந்துவிடும்.

எதற்கு ஒவ்வொன்றும் தனி வரியில்? கணக்கு எண் 12, தொகை 3400 என்று வையுங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டினால் 123400. கணக்கு எண் 123, தொகை 400 என்றாலும் ஒட்டினால் 123400. இரண்டு வெவ்வேறு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரே உரை, ஆகவே ஒரே சிக்னேச்சர். சாவி தெரியாதவன் ஒன்றை இன்னொன்றாக மாற்றி அனுப்பலாம். 2008 டிசம்பரில் காலின் பெர்சிவல், அமேசான் வெப் சர்வீசஸின் சிக்னேச்சர் வெர்ஷன் 1-ல் இந்தத் தவறு இருப்பதைக் காட்டினார்: பாராமீட்டர் பெயர்களையும் மதிப்புகளையும் பிரிப்பான் இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். ரேசர்பே பேமென்ட் சரிபார்ப்பில் ஆர்டர் ஐடிக்கும் பேமென்ட் ஐடிக்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும், ஸ்லாக் முக்காற்புள்ளி வைக்கிறது, ஸ்ட்ரைப் ஒற்றைப் புள்ளி. எதை வைத்தாலும் சரி, உள்ளே வரும் மதிப்புகளில் அந்தக் குறி வரக் கூடாது. ஹெடரிலும் யுஆர்எல்லிலும் புதுவரிக் குறி வர வழியில்லை, அதனால் நான் வரி பிரிப்பதையே விரும்புகிறேன்.

யுஆர்எல்லில் இன்னொரு தொல்லை: க்ளையன்ட் அனுப்பிய பாத் வேறு, நடுவில் இருக்கும் பிராக்ஸி முன்னொட்டை வெட்டிவிட்டு உங்கள் ஆப்புக்குக் கொடுக்கும் பாத் வேறாக இருக்கலாம். குவெரியில் இடைவெளியை ஒருவர் கூட்டல் குறியாகவும் ஒருவர் சதவீதக் குறியோடு 20 என்றும் எழுதுவார். க்ளையன்ட் எழுதியபடியே, டிகோட் செய்யாத வடிவத்தில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து ஆவணத்தில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: வந்த பைட்டை அப்படியே எடுங்கள்

பிழை தேடி நாள் முழுக்க உட்கார வைக்கிற இடம் எதுவென்றால் இதுதான். பாடியை வாங்கியதும் உங்கள் ஃபிரேம்வொர்க் அதை ஜேசனாகப் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) பிரித்துக் கையில் கொடுத்துவிடும். நீங்கள் அதை மறுபடி ஜேசனாக எழுதி ஹேஷ் எடுப்பீர்கள். பொருள் ஒன்றுதான், பைட் வேறு. பைத்தானின் ஜேசன் மாட்யூல் தானாகக் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் ஓர் இடைவெளி விடும், ஜாவாஸ்கிரிப்ட் விடாது. பிஎச்பி சாய்வுக்கோட்டுக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்க்கும்.

தமிழில் பெயர் வந்தால் இன்னும் வேடிக்கை. கோபால் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் க, ஓகாரக் குறி, ப, கால், ல, புள்ளி என்று ஆறு குறியீடு. யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18 பைட். ஆனால் ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், திரையில் வித்தியாசமே தெரியாது. அப்போது ஏழு குறியீடு, 21 பைட். பைத்தானின் ஜேசன் மாட்யூலை அதன் இயல்பான அமைப்பில் விட்டால் ஒவ்வொரு குறியீட்டையும் பின்சாய்வுக்கோடு, யு, நான்கு இலக்கம் என்று ஆறு பைட்டாக விரிக்கும், முதல் வடிவமே 36 பைட் ஆகிவிடும். ஒரே கோபால், மூன்று ஹேஷ். ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதித்துப் பார்த்து லைவுக்குப் போன ஏபிஐ, தமிழ்ப் பெயர் வந்த முதல் நாளில் 401 (அனுமதி மறுப்பு) கொடுப்பது இதனால்தான்.

தீர்வு எளிது: நெட்வொர்க்கில் வந்த பைட்டுகளை, பிரிப்பதற்கு முன்பே, அப்படியே எடுத்து ஹேஷ் போடுங்கள். நோடின் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்கில் ஜேசன் மிடில்வேருக்குப் பதிலாக அந்த ரூட்டுக்கு மட்டும் ரா மிடில்வேரைப் போடலாம். மற்ற ஃபிரேம்வொர்க்கிலும் மூலப் பாடியை எடுக்க ஏதாவது வழி இருக்கும். அனுப்புகிற பக்கமும் அப்படியே: ஜேசனை ஒருமுறை உரையாக்கி, அந்த உரைக்கே ஹேஷ் எடுத்து, அதே உரையையே அனுப்ப வேண்டும், எச்டிடிபி லைப்ரரியிடம் ஆப்ஜெக்டைக் கொடுத்து நீயே எழுதிக்கொள் என்று சொல்லக் கூடாது. கீகளை வரிசைப்படுத்தி, இடைவெளி நீக்கி, ஜேசனை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற திட்டங்கள் உண்டு. உங்களுக்கு அவை தேவைப்படாது.

நான்காம் படி: டைம்ஸ்டாம்ப்

மேலே எழுதிய 1767225600 என்பது 2026 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு. க்ளையன்ட் தன் நேரத்தை இப்படி விநாடியில் எழுதிக் கையொப்பத்துக்குள் வைக்கிறது, சர்வர் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, 300 விநாடிக்கு மேல் முன்னே பின்னே இருந்தால் தள்ளிவிடுகிறது. இந்த அனுமதி நேரத்தைத்தான் சாளரம் என்கிறேன். ஸ்லாக் ஐந்து நிமிடம் என்கிறது, ஸ்ட்ரைப் லைப்ரரிகளும் தானாக அதையேதான் வைத்துக்கொள்கின்றன, அமேசான் எஸ்3 15 நிமிடம் வரை பொறுக்கிறது. இரண்டு சர்வரிலும் என்டிபி (கடிகாரத்தைத் தானாகச் சரிசெய்யும் நெறிமுறை) ஓடினால் ஐந்து நிமிடமே தாராளம்.

இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 19800. ஐந்தரை மணி நேரத்தின் விநாடிக் கணக்கு. லாகில் நேர வித்தியாசம் கிட்டத்தட்ட 19800 என்று வந்தால் கடிகாரம் பழுதில்லை, யாரோ உள்ளூர் நேரத்தையும் யுடிசியையும் குழப்பியிருக்கிறார்கள். பைத்தானில் யுடிசி‌நவ் என்ற ஃபங்க்‌ஷனின் விடையை டைம்ஸ்டாம்ப் ஆக்கினால், இந்திய நேரம் வைத்த கணினியில் சரியாக இவ்வளவு பின்னால் காட்டும், ஏனென்றால் நேர மண்டலம் ஒட்டாத அந்த நேரத்தை அது உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. 10 இலக்கத்துக்குப் பதில் 13 இலக்கம் வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் மில்லிவிநாடியில் கொடுத்திருக்கிறது, ஆயிரத்தால் வகுக்க மறந்துவிட்டார்கள்.

ஐந்தாம் படி: நான்ஸ்

டைம்ஸ்டாம்ப் மட்டும் வைத்தால் பிடித்தவனுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. பணம் மாற்றுகிற ஏபிஐக்கு ஐந்து நிமிடம் என்பது யுகம். அதனால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் 16 பைட் ரேண்டம் மதிப்பு ஒன்று, அதுதான் நான்ஸ். ஒருமுறை பார்த்த நான்ஸ் மறுபடி வந்தால் சர்வர் மறுக்கும். நான்ஸ் கையொப்பத்துக்குள் இருந்தாக வேண்டும், வெளியே ஹெடரில் சும்மா வைத்தால் திருடியவன் புதிதாக ஒன்றை எழுதி அனுப்பிவிடுவான். நான்ஸ் மட்டும் இருந்தால் போதாதா, டைம்ஸ்டாம்ப் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் பார்த்த நான்ஸ் எல்லாவற்றையும் ஆயுளுக்கும் சேர்த்துவைக்க வேண்டியிருக்கும். டைம்ஸ்டாம்ப் இருப்பதால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடலாம்.

எவ்வளவு நேரத்தில்? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சாளரம் 300 விநாடி என்பதால் நான்ஸையும் 300 விநாடி வைத்தால் போதும் என்று தோன்றும். க்ளையன்டின் கடிகாரம் 300 விநாடி முன்னால் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த ரிக்வெஸ்ட் இப்போதும் செல்லும், இன்னும் 600 விநாடி கழிந்தாலும் செல்லும். 300-ல் நான்ஸை மறந்துவிட்டால் மீதி 300 விநாடி கதவு திறந்தே கிடக்கிறது. குறைந்தது 600, நான் 660 என்று வைப்பேன்.

சேமிக்க ரெடிஸ் (மெமரியில் ஓடும் டேட்டாபேஸ்) வசதி. செட் கட்டளையில் என்எக்ஸ், இஎக்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்: இல்லாவிட்டால் மட்டும் எழுது, இத்தனை விநாடியில் அழித்துவிடு என்று அர்த்தம். முதலில் இருக்கிறதா என்று கேட்டு, அப்புறம் எழுதுவது என்று இரண்டு வேலையாகப் பிரிக்கவே கூடாது, நடுவில் இன்னொன்று புகுந்துவிடும். ரெடிஸ் கீயில் கீ ஐடியையும் நான்ஸையும் சேர்த்து வையுங்கள், இரண்டு க்ளையன்ட் தற்செயலாக மோதாது. ஆப்பின் சொந்த மெமரியில் வைப்பது ஒரே ஒரு சர்வர் இருக்கும் வரைதான். லோட் பேலன்சருக்குப் பின்னால் மூன்று சர்வர் இருந்தால் ஒரே ரிக்வெஸ்ட் மூன்று முறை நுழையும். ரெடிஸ் விழுந்துவிட்டால்? பணம் சம்பந்தப்பட்டதென்றால் ரிக்வெஸ்ட்டை மறுத்துவிடுங்கள். பத்து நிமிடம் சேவை இல்லை என்ற திட்டு வாங்குவது மேல்.

சர்வரில் எந்த வரிசையில்?

பாடியை அளவு வரம்போடு வாங்குங்கள், வரம்பு இல்லாவிட்டால் எவனோ ஜிகாபைட் கணக்கில் அனுப்பி உங்களை ஹேஷ் போட வைப்பான். கீ ஐடியை வைத்துச் சாவியை எடுங்கள். டைம்ஸ்டாம்ப் சாளரத்துக்குள் இருக்கிறதா பாருங்கள். உரையை நீங்களே அடுக்கி எச்மேக் எடுத்து ஒப்பிடுங்கள். அதற்கும் அப்புறம்தான் நான்ஸை எழுத வேண்டும். முன்னாலேயே எழுதினால் சாவியே இல்லாதவன் குப்பை நான்ஸ்களால் ரெடிஸை நிரப்பலாம், வழியில் பார்த்த ஒரு நான்ஸை முந்திக்கொண்டு அனுப்பி உண்மையான ரிக்வெஸ்ட்டைச் செல்லாததாக்கவும் செய்யலாம். கடைசியாக ஜேசனைப் பிரித்து, இந்தச் சாவிக்காரருக்கு இந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். சிக்னேச்சர் சரி என்றால் ஆள் அவர்தான் என்று அர்த்தம், அவர் கேட்டதெல்லாம் கொடுக்கலாம் என்று இல்லை.

ஒப்பிடும்போது சாதாரணச் சமக்குறி வேண்டாம். அது முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடும், எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதை அளந்து சரியான சிக்னேச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊகிக்க வழி கிடைக்கும். பைத்தானில் கம்பேர்-டைஜஸ்ட், பிஎச்பியில் ஹேஷ்-ஈக்வல்ஸ், நோடில் டைமிங்-சேஃப்-ஈக்வல் என்று இதற்கென்றே ஃபங்க்‌ஷன்கள் உள்ளன. நோடில் இருப்பது இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லாவிட்டால் எக்ஸெப்ஷன் வீசும், நீளத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

டைம்அவுட் ஆனால்?

க்ளையன்ட் அனுப்பியது, பதில் வரவில்லை. பணம் போனதா இல்லையா தெரியாது, மறுபடி அனுப்பித்தான் ஆக வேண்டும். அதே பைட்டுகளை அனுப்பினால் நான்ஸ் தடுத்துவிடும், புது நான்ஸோடு அனுப்பினால் இரண்டாவது முறை பணம் போய்விடலாம். நான்ஸ் இந்தப் பிரச்சினைக்கான மருந்து இல்லை. பாடிக்குள் ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே வேலை இரண்டு முறை நடக்காமல் தடுக்கும் அடையாள எண்) என்று ஒன்று வேண்டும், பணமாற்றத்துக்கு ஒன்று. மறுமுயற்சியில் டைம்ஸ்டாம்ப் புதுசு, நான்ஸ் புதுசு, சிக்னேச்சர் புதுசு, ஐடெம்பொட்டன்சி கீ மட்டும் பழசு. டேட்டாபேஸில் அந்த கீ இருக்கும் நெடுவரிசைக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டாவது முறை வரக் கூடாது என்பது) போட்டுவிடுங்கள். ரெடிஸ் ரீஸ்டார்ட் ஆகி நான்ஸ் எல்லாம் அழிந்துபோன நாளிலும் இது உங்களைக் காப்பாற்றும்.

வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் வேறொரு சேவை உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் ரிக்வெஸ்ட்) வாங்குகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கிட்ஹப் அனுப்பும் வெப்ஹூக்கில் பாடிக்கு மட்டும்தான் எச்மேக், டைம்ஸ்டாம்ப் கிடையாது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரு டெலிவரி ஐடி ஹெடரில் வருகிறது, அதை வைத்து இரட்டிப்பைப் பிடிக்கலாம். ஆனால் அந்த ஹெடர் கையொப்பத்துக்குள் இல்லை, வேண்டுமென்றே திரும்ப அனுப்புகிறவன் அதை மாற்றிக்கொள்வான். பாடிக்குள் இருக்கும் ஐடிகளை நம்பி வேலை செய்யுங்கள்.

பலர் பயன்படுத்தப்போகும் பொது ஏபிஐ என்றால் சொந்த வடிவம் வேண்டாம், 2024 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 9421 இதையெல்லாம் முறைப்படுத்தியிருக்கிறது, அதற்கு லைப்ரரி தேடுங்கள். உங்கள் இரண்டு சர்வருக்குள் என்றால் மேலே உள்ள ஆறு வரியே போதும்.

முடிந்ததும் சோதனை. சரியான ரிக்வெஸ்ட் 200 (வெற்றி) வாங்குகிறது என்பது சோதனையே அல்ல. பாடியில் ஒரு பைட்டை மாற்றுங்கள், குவெரியில் ஒன்றைச் சேருங்கள், மெத்தடை மாற்றுங்கள், நான்ஸை மட்டும் மாற்றுங்கள், 301 விநாடி பழைய நேரத்தை வையுங்கள். எல்லாம் 401 வாங்க வேண்டும், க்ளையன்டுக்கு ஒரே பதில், எந்தப் படியில் தவறியது என்பது உங்கள் லாகில் மட்டும். கோபால் பெயரோடு ஒன்று அனுப்புங்கள், அது 200 வாங்க வேண்டும். பிறகு ஒரே ரிக்வெஸ்ட்டை அச்சு மாறாமல் இருபது பிரதி எடுத்து ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒன்றுக்கு 200, மற்ற பத்தொன்பதுக்கும் 401. இரண்டாவது 200 ஒன்று வந்தால், நான்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் எழுதுகிற கோட் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய்த் தேடுங்கள்.